அலர் எனும் ஆவணம்: இடிக்கப்பட்ட தெருக்களும் பெற்றவளைத் தேடும் பிரதிகளும்

1

இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பிறந்து, தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளை ஒன்று, நடுவயது கடந்து தன்னைப் பெற்றவளைத் தேடப் புறப்படும்போது அதன் கையில் இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு காகிதம்தான். அசல் பிறப்புச் சான்று. தகப்பன் பெயருக்கான கட்டத்தில் ஒரு கோடு. தாயின் பெயர் இருக்கும். பிறப்பைப் பதிவு செய்தவர் என்ற கட்டத்தில் அவளுடைய கையெழுத்தும் அருகே ஒரு முகவரியும் இருக்கும். கதவு எண், தெரு, ஊர். அந்தத் தெருவைத் தேடிப் போனால் தெரு இல்லை. அகலச் சாலை இருக்கிறது, அடுக்குமாடிகள் இருக்கின்றன, சில இடங்களில் அந்த அடுக்குமாடிகளையும் இடித்துவிட்டுப் பிறகு கட்டிய இன்னொன்று இருக்கிறது. மிஞ்சியிருப்பது அத்தெருவில் முன்னொரு காலத்தில் குடியிருந்தவர்கள் மட்டுமே. அவர்களும் பத்துப் பதினைந்து மைல் தள்ளி, பல புறநகர்க் குடியிருப்புகளில் சிதறிக் கிடக்கிறார்கள். உள்ளூர்ப் பத்திரிகையின் வாசகர் கடிதம் வழியாகவோ, பழைய தெருக்காரர்கள் கூடும் கூட்டத்திலோ, தேடுபவர் அவர்களிடம் கேட்கிறார்: 'இந்த நம்பர் வீட்ல இப்படி ஒரு பொண்ணு இருந்துச்சே, யாருக்காவது ஞாபகம் இருக்கா?'

இந்தக் கேள்வியைத்தான் இங்கே ஒரு பிரதியாக வைத்து வாசிக்க விரும்புகிறேன். மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒரு தனிமனிதரின் கண்ணீர்க் கதை. தொலைக்காட்சிகள் இதை அப்படித்தான் விற்கின்றன. நம் அக்கறை வேறு. தாயைக் காணாமல் ஆக்கியதும் தெருவைக் காணாமல் ஆக்கியதும் தற்செயலாக ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இரண்டு விபத்துகள் அல்ல; ஒரே வர்க்கத்துப் பெண்கள்மீது ஒரே காலகட்டத்தில் நிகழ்த்தப்பட்ட இரண்டு நிர்வாகச் செயல்கள். இது முதல் விஷயம். இரண்டாவது விஷயம் இன்னும் சங்கடமானது. இன்று நினைவுக்காக நாம் போய் நிற்கும் அந்தத் தெரு வெறும் சாட்சி இல்லை. வழக்கில் அதுவும் ஒரு தரப்பு.

2

முதலில் காகிதத்தின் வரலாற்றைப் பார்ப்போம். இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் தத்தெடுப்பைச் சட்டமாக்கியது 1926ஆம் ஆண்டுச் சட்டம். தத்துப் பிள்ளைகளுக்கென்று தனிப் பதிவேடு வந்தது. அதில் பெற்றவளின் பெயர் இல்லை; அந்தப் பதிவேட்டையும் பிறப்புப் பதிவேட்டையும் இணைக்கும் குறிப்பு பொதுமக்களுக்குத் திறக்கப்படவில்லை. 1947ல் பெற்றோர் பெயரே இல்லாத சுருக்கப் பிறப்புச் சான்று அறிமுகமானது. பள்ளியிலும் வேலையிலும் பிள்ளை அவமானப்படாமல் இருக்கச் செய்த நல்லெண்ண ஏற்பாடு என்று இதைச் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் அவமானத்தை ஒழிப்பதற்குப் பதிலாக, அவமானத்துக்குக் காரணமானவள் என்று கருதப்பட்டவளை ஒழிப்பதுதான் அதிகாரம் கண்ட வழி என்பதையும் நாம் சேர்த்தே படிக்க வேண்டும். 1949ல் வந்த திருத்தத்தின்படி, தத்தெடுப்போர் தங்கள் பெயரைப் பெற்றவளிடம் காட்டாமல் ஓர் எண்ணின் பின்னால் மறைந்துகொள்ள முடிந்தது. அவள் கையெழுத்துப் போட்டது ஒரு எண்ணுக்கு.

இதே 1949 சட்டம், பிள்ளைக்கு ஆறு வாரம் ஆகும் முன் தாயின் சம்மதம் செல்லாது என்றும் சொன்னது. தாயைப் பாதுகாக்க வந்த விதிதான். நடைமுறையில் தேவாலயங்களும் தொண்டு அமைப்புகளும் நடத்திய தாய்-சேய் இல்லங்களில், பிரசவத்துக்கு முன் ஆறு வாரம், பின் ஆறு வாரம் என்று அது ஒரு கால அட்டவணையாகவே ஆகிப்போனது. ஆறு வாரம் பாலூட்டிய பிறகு பிரிக்கப்படுவது. 1968ல் தத்தெடுப்பு உச்சத்தைத் தொட்டது. அந்த ஒரே ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 25,000 ஆணைகள். 1949 முதல் 1976 வரை மணமாகாத தாய்மாரிடமிருந்து எடுக்கப்பட்டுத் தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகள் சுமார் 1,85,000 பேர் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மனித உரிமைகளுக்கான கூட்டுக்குழு 2022ல் தன் அறிக்கையில் சொன்னது. அரசு முறைப்படி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. 2023ல் ஸ்காட்லாந்து அரசும் வேல்ஸ் அரசும் மன்னிப்புக் கேட்டன. அதே 2023ல் லண்டன் அரசு, வருத்தம் தெரிவித்ததோடு நிறுத்திக்கொண்டது. அன்று நடந்தது சமூகத்தின் போக்கு, அரசின் செயல் அல்ல என்ற தொனியில் அது பேசியது. இந்த 'சமூகத்தின் போக்கு' என்ற சொல்லுக்கு மறுபடி வருவோம்.

இப்போது தெருவின் காகிதம். ஐம்பதுகளின் நடுவிலிருந்து எழுபதுகளின் நடுவரை இங்கிலாந்து, வேல்ஸ் நகரங்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இடிக்கப்பட்டன. முதுகோடு முதுகு ஒட்டிய தொழிலாளர் வரிசை வீடுகள், முற்றத்தில் ஒரு கழிப்பிடம், ஒழுகும் கூரை. அவற்றுக்கு யாரும் ஏங்க வேண்டியதில்லை. ஆனால் வீட்டை இடிக்க ஒரு சொல் தேவைப்பட்டது: 'மனிதர் குடியிருக்கத் தகுதியற்றது'. சுகாதார அதிகாரி வந்து பார்த்து அந்தச் சொல்லை எழுதிவிட்டால் போதும். ஒரு தெருவின் தலையெழுத்து முடிந்தது. அதே ஆண்டுகளில், அதே தெருக்களுக்கு, ஒழுக்கநல ஊழியர் என்று அழைக்கப்பட்ட இன்னொரு வகை அதிகாரியும் வந்து போனார். வயிறு தெரியத் தொடங்கிய பெண்ணின் வீட்டுக்கு. அவர் எழுதியது வேறு படிவம். அளந்தது ஏறத்தாழ அதே தகுதியை. ஒருவர் சுவரின் ஈரத்தை அளந்தார், மற்றவர் குடும்பத்தின் மானத்தை. இரண்டிலும் 'நல்ல சூழலுக்கு மாற்றுதல்' என்பதே தீர்வு. தெருவை நல்ல குடியிருப்புக்கு, பிள்ளையை நல்ல குடும்பத்துக்கு. தகுதி பற்றிய இந்தச் சொல்லாடல்தான் இரண்டு செயல்களையும் இணைக்கும் நூல்.

இணைப்பு கருத்தளவில் மட்டும் இல்லை. தேடுகிற வேலையில் கையில் தட்டுப்படுகிறது. இடிப்புக்கான கட்டாயக் கையகப்படுத்தல் ஆணைகளில் உரிமையாளர், குத்தகைதாரர் பெயர்கள் இருக்கும். ஆனால் ஒரு மாதமோ அதற்குக் குறைவாகவோ வாடகை முறையில் இருப்போரின் பெயரைச் சேர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. தொழிலாளத் தெருக்களில் வாரவாடகைதான் வழக்கம். அதாவது எந்தத் தெருவை அழிக்கிறோம் என்று எழுதிய காகிதத்தில், அந்தத் தெருவில் வாழ்ந்தவர்கள் இல்லை. சரி, நூலகத்துக்குப் போய் வாக்காளர் பட்டியலைப் புரட்டலாம். அது தெருவாரியாக, கதவு எண் வாரியாகப் பெயர் தருகிறது. ஆனால் பிரிட்டனில் வாக்குரிமை வயது 21இலிருந்து 18 ஆனது 1969ஆம் ஆண்டுச் சட்டத்தால். 1958ல் பதினெட்டு வயதில் பிள்ளை பெற்றவள் அந்த வீட்டுப் பட்டியலில் இருக்கமாட்டாள். இருபத்தொன்று ஆகும்போது வேறு ஒருவனை மணந்து, பெயர் மாறி, வேறு முகவரிக்குப் போயிருப்பாள். அவள் குடிமகளாகத் தகுதி பெறாத வயதில் தாயானாள். தாயாகத் தகுதி பெறாமல் குடிமகளானாள். இரண்டு பட்டியலுக்கும் நடுவிலிருக்கும் இடைவெளிதான் அவளுடைய முகவரி.

அந்த முகவரியும் அவளுடைய வீடாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரு அத்தை வீடு, வேலை பார்த்த இடம், வாடகை அறை, சில சமயம் தாய்-சேய் இல்லமே. அயர்லாந்திலிருந்து கப்பலேறி லிவர்பூலிலோ லண்டனிலோ இறங்கிய கர்ப்பிணிப் பெண்களுக்கு இங்கிலாந்து நல ஊழியர்கள் தங்களுக்குள் ஒரு சுருக்கெழுத்தே வைத்திருந்தார்கள்: 'பி.எஃப்.ஐ.', அயர்லாந்திலிருந்து கர்ப்பமாய் வந்தவள். அப்படிப்பட்டவள் நாலு மாதம் தங்கிய தெரு அவளை எப்படி நினைவில் வைத்திருக்கும்?

ஃபூக்கோ 1977ல் எழுதிய ஒரு கட்டுரையில், அதிகாரத்தோடு மோதிய அந்த ஒரு கணத்தில் மட்டும் வெளிச்சம் பட்டுப் பின் மறைந்துபோன எளியவர்களைப் பற்றிப் பேசுகிறார். அதிகாரம் அவர்களைத் தொட்டிராவிட்டால் அவர்கள் இருந்ததே நமக்குத் தெரிந்திருக்காது. இந்தத் தாய்மார்களுக்கு இது அப்படியே பொருந்துகிறது. பிறப்புச் சான்றும் சம்மதப் பத்திரமும் இல்லையென்றால் அவர்கள் இல்லை. ஆனால் ஃபூக்கோவிடம் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது. காகிதத்துக்கு வெளியே, அவளை அறிந்த முப்பது நாற்பது வீடுகள் இருந்தன. அவை பேசின.

3

தமிழிலக்கியம் படித்தவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதில்லை. அக இலக்கணம் இதற்கு இரண்டு பெயர் வைத்திருக்கிறது. சிலர் மட்டும் அறிந்து, வாய்விட்டுச் சொல்லாமல் குறிப்பாய் முணுமுணுப்பது அம்பல். பலரும் அறியப் பரவுவது அலர். களவில் இருக்கும் பெண்ணை ஊர்ப்பெண்டிர் இப்படித் தூற்றத் தொடங்கினால் வீடு அவளை உள்ளே அடைக்கும், அது இற்செறிப்பு. அலருக்கு அஞ்சித் தோழி தலைவனை மணத்துக்கு அவசரப்படுத்துவாள். அகப்பாட்டின் ஒழுங்கில் அலர் கடைசியில் கற்பில் போய்ச் சேரும். நம் ஆசிரியர்கள் இதை வகுப்பில் சுவையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அலர் எழுந்தும் தலைவன் வராமல் போனால் அவளுக்கு என்ன ஆகும் என்ற கேள்விக்கு அந்த வகுப்பில் இடம் இருந்ததில்லை.

இங்கிலாந்தின் தொழிலாளத் தெரு அந்தக் கேள்விக்கான நடைமுறைப் பதிலை வைத்திருந்தது. சால்ஃபர்டில் ஒரு மூலைக்கடைக்காரியின் மகனாக வளர்ந்த ராபர்ட் ராபர்ட்ஸ், 1971ல் எழுதிய 'தி கிளாசிக் ஸ்லம்' என்ற நூலில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துச் சேரி வாழ்வை எழுதுகிறார். அங்கே தெருவின் மூத்த பெண்கள் ஒரு நீதிமன்றம். கடைவாசலிலும் சலவைக்கூடத்திலும் அவர்கள் பேசுவது வெட்டிப்பேச்சு இல்லை. எந்தக் குடும்பம் எந்தப் படியில் நிற்கிறது என்பதை அன்றாடம் நிர்ணயிக்கும் தீர்ப்பு அது. ஒரு மகளின் வயிறு மொத்தக் குடும்பத்தையும் இரண்டு படி இறக்கிவிடும். ராபர்ட்ஸ் இதை மிகைப்படுத்தவும் இல்லை, இனிப்பாக்கவும் இல்லை. அதுதான் அந்நூலின் பலம்.

இனிப்பாக்கியவர்கள் பின்னால் வந்தார்கள். மைக்கேல் யங்கும் பீட்டர் வில்மட்டும் 1957ல் வெளியிட்ட 'கிழக்கு லண்டனில் குடும்பமும் உறவும்' ஆய்வு, சேரி இடிப்புக்கு எதிரான மிக முக்கியமான வாதம். பெத்னல் கிரீன் என்ற தொழிலாளர் பகுதியில் மணமான மகளும் அவள் தாயும் கூப்பிடு தூரத்தில் வாழ்ந்து, ஒருவரையொருவர் தாங்கிய உறவுவலையை அவர்கள் காட்டினார்கள். அங்கிருந்து நகருக்கு வெளியே டெப்டன் குடியிருப்புக்குப் போன குடும்பங்களில் அந்த வலை அறுந்ததையும் காட்டினார்கள். 'கிரீன்லி' என்ற புனைபெயரில் அந்தக் குடியிருப்பு நூலில் வருகிறது. திட்டமிடுவோர் செங்கல்லைப் பார்த்தார்கள், உறவைப் பார்க்கவில்லை என்ற விமர்சனம் இன்றும் செல்லும். ஆனால் அந்த வலையின் கதாநாயகி யார் என்று கவனிக்க வேண்டும். மணமான மகளைப் பக்கத்துத் தெருவில் வைத்துக்கொண்டு அவள் பிரசவத்தைப் பார்க்கும் 'மம்'. மணமாகாத மகளின் பிரசவத்தை இந்தச் சித்திரத்தின் நடுவில் வைத்துப் பார்த்தால் படம் கலைகிறது. அதே தாய்தான் அவளை ஊருக்கு வெளியே அனுப்பினாள். அல்லது பிறந்ததைத் தன் பிள்ளை என்று சொல்லி வளர்த்தாள். பெற்றவள் தன் பிள்ளைக்கே அக்காவாகி நின்றாள். இதுவும் உறவுவலைதான். தாங்கவும் செய்யும், கழுத்தை நெரிக்கவும் செய்யும்.

இன்று பழைய தெருக்காரர்கள் கூடும் இடங்களில் ஒரு வாக்கியம் தவறாமல் வருகிறது: 'எங்க தெருவுல யாரும் கதவைப் பூட்டுனதே இல்லை.' இடிப்பின் காயத்திலிருந்து பிறக்கும் வாக்கியம் அது; அதைக் கேலி செய்வதற்கில்லை. ஆனால் தத்துப் பிள்ளை வந்து கேட்கும் கேள்வி இந்த வாக்கியத்தின் அடியில் கைவைக்கிறது. பூட்டாத கதவு வழியாக உதவி வந்தது போலவே பார்வையும் வந்தது. எல்லாருக்கும் எல்லாம் தெரிந்த தெருவில், அவளுக்கு என்ன நடந்தது என்பதும் தெரிந்தே இருந்தது. 'கிராமத்து அத்தை வீட்டுக்குப் போயிருக்கா' என்ற கதையைச் சொன்னவர்களும் நம்பவில்லை, கேட்டவர்களும் நம்பவில்லை. இரு தரப்பும் சேர்ந்து நடித்த அந்த நம்பிக்கைக்குத்தான் கௌரவம் என்று பெயர்.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். இன்று பதில் சொல்ல உயிரோடிருப்பவர்களில் பெரும்பாலானோர் அன்று சிறுவர் சிறுமியர். தீர்ப்பு சொன்ன பெண்கள் போய்விட்டார்கள். பிள்ளைகள் கேட்டது அலரை அல்ல, அம்பலை. தாங்கள் உள்ளே வந்ததும் பெரியவர்கள் பேச்சு சட்டென்று நின்றுபோன அந்த இடத்தை. ஆகவே கிடைக்கும் நினைவு பெரும்பாலும் ஒரு தகவலின் நினைவு இல்லை. ஒரு மௌனத்தின் நினைவு. 'அந்த வீட்டைப் பத்திப் பேசினா அம்மா என்னை வெளியே போய் விளையாடச் சொல்லுவாங்க.' ஒரு வழக்கறிஞருக்கு இது சாட்சியம் ஆகாது. ஒரு விமர்சகனுக்கு இதுதான் மூலப்பிரதி.

4

இலக்கியமும் சினிமாவும் இந்தத் தேடலை எப்படிக் கையாண்டிருக்கின்றன? மைக் லீயின் 'சீக்ரெட்ஸ் அண்ட் லைஸ்' 1996ல் கான் விழாவில் தங்கப்பனை பெற்ற படம். ஹார்டென்ஸ் என்ற கறுப்பினப் பெண், வளர்த்தவள் இறந்தபின் பெற்றவளைத் தேடுகிறாள். கோப்பைப் பார்க்கிறாள், பெற்றவள் வெள்ளைக்காரி. சிந்தியா, ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி. பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்காமல் கொடுத்துவிட்டவள். படத்தின் மொத்த நாடகமும் ஒரு எளிய பௌதிக உண்மையின்மீது நிற்கிறது: சிந்தியா அதே பழைய வாடகை வீட்டில்தான் இன்னும் இருக்கிறாள். தெரு நிற்கிறது. படம் எடுக்கப்பட்டதும் பெத்னல் கிரீனில் இடிபடாமல் மிஞ்சிய குவில்டர் தெருவில். யங்கும் வில்மட்டும் நடந்த அதே பகுதி. தெரு நின்றதால் கோப்பிலிருந்து தாய்க்கு நேர்கோடு போடமுடிகிறது. இடையில் அக்கம்பக்கத்தார் தேவைப்படவில்லை. இரகசியமும் பொய்யும் ஒரு குடும்பத்துக்குள்ளேயே அடைபட்டு, பிறந்தநாள் விருந்து மேசையில் வெடித்து, அழுகையில் தீர்கின்றன. மைக் லீயின் நடிகர்கள் அபாரமானவர்கள். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் பொய் சொன்னது குடும்பம் மட்டும்தானா? படம் இந்தக் கேள்வியை எழுப்பவே இல்லை. தெரு பின்னணிக் காட்சியாக மட்டும் நின்றுவிடுகிறது.

ஜெனட் விண்டர்சன் 1959ல் மான்செஸ்டரில் பிறந்து, அக்ரிங்டன் ஊரில் பெந்தகொஸ்தே குடும்பத்தில் தத்துப் பிள்ளையாக வளர்ந்தவர். 2011ல் வந்த அவருடைய தன்வரலாற்றில் தேடலின் இன்னொரு முகம் கிடைக்கிறது: மேசைகள், படிவங்கள், நீதிமன்ற அலுவலகம். தன்னைப் பற்றிய காகிதத்தைப் பார்க்கத் தானே அனுமதி கேட்டு நிற்கும் அவமானத்தை அவர் எழுதுவது கூர்மையானது. இங்கே எதிரி அரசு. சரிதான். ஆனால் இங்கும் பேசுவது தேடுபவரே. தேடப்படுபவள், நல்லவளோ கெட்டவளோ, முடிவில் வந்து சேரும் ஒருத்தி.

ஜாக்கி கே 1991ல் வெளியிட்ட 'தி அடாப்ஷன் பேப்பர்ஸ்' இவற்றிலிருந்து விலகி நிற்பதாகவே எனக்குப் படுகிறது. அந்தக் கவிதைத் தொடரில் மூன்று குரல்கள். மூன்றும் மூன்று அச்செழுத்து வகைகளில். மகள், வளர்த்தவள், பெற்றவள். தமிழ் வாசகருக்கு உடனே கூற்று நினைவுக்கு வரும். நற்றாய் ஒரு பக்கம், செவிலி ஒரு பக்கம், நடுவே மகள். நம் மரபில் உடன்போன மகளைத் தேடிச் செவிலி பாலைவழியில் போவாள்; எதிர்ப்படுவோரிடம் கேட்பாள்; கண்டோர் பதில் சொல்வார்கள். இங்கே திசை மாறுகிறது. மகள் தேடுகிறாள்; நற்றாய் தொலைந்திருக்கிறாள். கே செய்த முக்கியமான காரியம் நற்றாய்க்குக் கூற்று கொடுத்தது. அது மகள் எழுதியதுதான் என்பதை அந்தப் பிரதி மறைக்கவில்லை. ஸ்பிவக் கேட்ட கேள்வி, அடித்தள மக்கள் பேசமுடியுமா என்பது, இங்கே எட்டிப்பார்க்கிறது. அவள் பேசவில்லை, அவளுக்காகப் பேசப்படுகிறது, ஆனால் அந்த இடம் காலியாக விடப்படவில்லை. எனினும் அந்த மூன்று குரல்களில் கண்டோருக்கு இடமில்லை. தெரு இங்கேயும் பேசவில்லை.

மூன்று படைப்புகளும் மூன்று விதம். ஆனால் மூன்றிலும் தேடல் இரண்டு மூன்று பேருக்கிடையிலான விஷயமாகிவிடுகிறது. இடிக்கப்பட்ட தெருவின் முன்னாள் குடியிருப்பாளர்கள் வழியாகத் தேடும்போது அப்படிச் சுருக்க முடியாது. முப்பது வீட்டுக்காரர்கள் மேடைக்கு வந்துவிடுகிறார்கள். இலக்கியம் தவிர்த்த அந்தக் கண்டோர் கூற்றை, வேறு வழியில்லாததால் நடைமுறைத் தேடல் எழுதுகிறது.

5

இங்கேதான் சிக்கல். தத்துப் பிள்ளைக்குத் தன் அசல் பிறப்புச் சான்றைப் பார்க்கும் உரிமை ஸ்காட்லாந்தில் 1930ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக 1976ல்தான் வந்தது. அதற்கு முன் தத்துப்போனவர்கள் முதலில் ஆலோசகரைச் சந்தித்தாக வேண்டும் என்ற நிபந்தனையோடு. காரணம், பெற்றவர்களிடம் 'உன் பிள்ளை உன்னை ஒருநாளும் தேடி வராது' என்று உறுதி கொடுத்திருந்தார்கள். பெற்றவளோ தன் பிள்ளையைப் பற்றி ஓர் இடைத்தரகர் அமைப்பின் மூலம் விசாரிக்கும் வழி, 2002ஆம் ஆண்டுச் சட்டம் 2005 இறுதியில் நடைமுறைக்கு வந்த பிறகே திறந்தது. பிள்ளைக்கும் தாய்க்கும் இடையில் கிட்டத்தட்ட முப்பதாண்டு இடைவெளி. இந்தச் சமமின்மையை மறந்துவிட்டுத் 'தெரிந்துகொள்ளும் உரிமை' என்று மட்டும் பேசுவது தேடுபவரின் பக்கம் மட்டும் நிற்பது.

பொதுவில் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி, கதவு எண்ணைச் சொல்லி, பிறந்த ஆண்டைச் சொல்லித் தெருவிடம் கேட்பது என்ன செய்கிறது? அறுபதாண்டுகளுக்கு முன் அம்பலாக இருந்ததை அலராக்குகிறது. கணவனிடமும் பிற பிள்ளைகளிடமும் சொல்லாமல் வாழ்ந்து முடிக்கவிருந்த ஒருத்தியை, அவளை அன்று வெளியேற்றிய அதே பேச்சிடம் மறுபடி ஒப்படைக்கிறது. அவள் பெயரே இன்னும் இருவருக்கு இருந்திருந்தால் சம்பந்தமில்லாத ஒருத்தியும் அதில் சிக்குவாள். அதனால் கேட்கவே கூடாது என்பதா? அப்படிச் சொல்ல எனக்கு மனமில்லை. அந்த மௌனத்தை ஏற்படுத்தியது அவள் இல்லை. அவள்மேல் சுமத்தப்பட்டது அது. அவளுடைய தனியுரிமை என்ற பெயரில் அதைக் காப்பாற்றுவது பல சமயம் நிறுவனங்களைத்தான் காப்பாற்றுகிறது. பெற்றவர்களே எண்பதுகளிலிருந்து அமைப்புகளாகத் திரண்டு, 'நாங்கள் கொடுக்கவில்லை, எடுத்துக்கொண்டார்கள்' என்று பேசத் தொடங்கியபோது, மௌனம் அவர்கள் கேட்டு வாங்கிய சலுகை என்ற கதை உடைந்தது. 2022 அறிக்கை அவர்களுடைய சாட்சியத்தின்மேல் நிற்கிறது.

மரபணுச் சோதனை வந்துவிட்டதே, இனி தெரு எதற்கு என்று கேட்கலாம். எச்சிலை அனுப்பினால் ஒன்றுவிட்ட சகோதரியின் பெயர் வந்துவிடுகிறது. உண்மைதான், பலருக்கு அதுவே போதும். ஆனால் சோதனை தருவது இரத்தம் யாருடையது என்ற விடை. ஏன் கொடுக்கப்பட்டேன் என்பது அதில் இல்லை. அந்த விடை இரத்தத்தில் இல்லை, வாடகையில், வேலையில், தேவாலயத்தில், அடுத்த வீட்டு ஜன்னலில் இருக்கிறது.

ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்பதுதான் வழி என்று நினைக்கிறேன். பெயரைத் தனியே, நம்பகமான இடைத்தரகரிடம், அவளுக்கு மட்டும் போய்ச்சேரும்படி கேட்கட்டும். தெருவிடம் கேட்கவேண்டியது அவள் பெயரை அல்ல, தெருவின் நடத்தையை. நம் தெருவிலிருந்து எத்தனை பெண்கள் இப்படிப் 'போய்விட்டு' வந்தார்கள்? யார் கூட்டிக்கொண்டு போனது? எந்த வண்டி வந்தது? திரும்பி வந்தவளோடு யாரெல்லாம் பேசினார்கள், யார் பேசவில்லை? இந்தக் கேள்விகள் ஒருத்தியைக் கூண்டில் ஏற்றுவதில்லை, தெருவை ஏற்றுகின்றன. 'சமூகத்தின் போக்கு' என்று 2023ல் அரசு கைகாட்டிய அந்த முகமற்ற பொருளுக்கு முகம் வருவது இங்கேதான். அந்தப் போக்குக்குச் சம்பளம் வாங்கிய ஊழியர்கள் இருந்தார்கள், படிவங்கள் இருந்தன, கட்டில்கள் இருந்தன என்பதும் அப்போது சேர்ந்தே வெளிவரும். தெரு தன் பங்கை ஒப்புக்கொள்ளும்போது அரசின் பங்கு குறைவதில்லை. கூடுதலாகத் தெரியவே செய்யும்.

6

இதெல்லாம் வெள்ளைக்காரத் தெருக் கதை, நமக்கென்ன என்று ஒதுக்க முடியாது. சென்னையிலிருந்தும் ஐரோப்பாவுக்குக் குழந்தைகள் தத்துப்போயிருக்கிறார்கள். அவர்களில் சிலர் வளர்ந்து, டென்மார்க்கிலிருந்தும் நெதர்லாந்திலிருந்தும் ஒரு காகிதத்தோடு இங்கே வந்து தேடியிருக்கிறார்கள். நாடுகடந்த தத்தெடுப்புக்கு உச்சநீதிமன்றம் லட்சுமி காந்த் பாண்டே வழக்கில் நெறிமுறை வகுத்தது 1984ல்தான். தத்தெடுப்புக்கான மத்திய அமைப்பு உருவானது 1990ல். இன்றைய விதிகள் வளர்ந்த பிள்ளைக்குத் தன் வேரைத் தேடும் உரிமையை ஒப்புக்கொள்கின்றன. பெற்றவரின் அந்தரங்கத்தையும் காக்கச் சொல்கின்றன. நல்லது. ஆனால் வேரைத் தேடி எந்தத் தெருவுக்குப் போவது? 2000ஆம் ஆண்டிலிருந்து கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரிக்கும், 2015 வெள்ளத்துக்குப் பின் பெரும்பாக்கத்துக்கும் நகரின் குடிசைப் பகுதிகள் வண்டியேற்றி அனுப்பப்பட்டன. கூவம் கரையில் முப்பதாண்டு அடுத்தடுத்த வாசலில் இருந்தவர்கள் வேறு வேறு அடுக்குகளில், வேறு வேறு மாடிகளில் விழுந்தார்கள். ஆக்கிரமிப்பு என்று பெயரிட்டு அகற்றப்பட்ட இடத்துக்கு, அங்கே யார் எந்தக் குடிசையில் இருந்தார்கள் என்று சொல்லும் ஆவணம் அங்கிருந்த மனிதர்கள்தான்.

வெளியேற்றத்துக்கு எதிராக நாம் பேசும்போது வேலையிழப்பைச் சொல்கிறோம், பள்ளியிழப்பைச் சொல்கிறோம், கடல் தூரமாகிப்போனதைச் சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும். கூடவே, ஏழைப் பெண்களைப் பற்றிய ஒரே ஆவணக்காப்பகமும் அந்த வண்டிகளில்தான் கலைந்து போனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது கருணையான காப்பகம் இல்லை. அவளை அழவைத்த பேச்சும் அதில்தான் இருக்கிறது. ஆனால் அவள் இருந்தாள், பெற்றாள், பிரிக்கப்பட்டாள் என்பதற்கு வேறு சாட்சி இல்லை. மறுகுடியமர்த்தப்பட்டவர்களிடம் வாய்மொழி வரலாறு சேகரிக்கப் போகும் நண்பர்கள், 'உங்க பழைய இடம் எப்படி இருந்தது?' என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டாம். அங்கிருந்து யாரை அனுப்பினீர்கள் என்றும் கேளுங்கள். பெயர் வேண்டாம். எப்படி அனுப்பினீர்கள் என்பது போதும்.